இருபதுக்குப் பத்தொன்பதில் ஓடிய ஃபேன்

புதிதாகத் தேர்வெழுதித் தேறி, பேட்மின்டன் நடுவருக்கான கறுப்புச் சட்டைக்கு அளவும் கொடுத்துவிட்டு வந்திருக்கிற உங்களிடம் முதலில் ஒன்று கேட்க வேண்டும். உங்களில் எத்தனை பேருக்கு உள்ளூரில் மச்சான் இருக்கிறார்? கையைத் தூக்க வேண்டாம், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இருக்கிறவர்கள் மட்டும் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் எந்த உயரத்தில் போட வேண்டும், கால் எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதை மறுபடி சொல்லி உங்கள் உயிரை வாங்க மாட்டேன். வயது வரம்பு முடிந்து நாற்காலியை விட்டு இறங்கியவன் நான். என்னிடம் இருப்பது புத்தகத்தில் இல்லாத சமாச்சாரங்கள்தான். அதில் முக்கியமானது ஃபேன்.

சிரிக்காதீர்கள். நம் ஆட்டமே இறகுப் பந்தை வைத்து ஆடுவது. லேசாகக் காற்று அடித்தாலும் அது போகிற வழியை மாற்றிக்கொள்ளும். அதனால்தான் அரங்கத்தில் ஜன்னலை எல்லாம் அடைத்து, ஃபேனை எல்லாம் நிறுத்திவிட்டு ஆடுகிறோம். குளிர்ப் பிரதேசத்தில் இது ஒரு விஷயமே இல்லை. சித்திரை வெயிலில் சிதம்பரத்தில் ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, ஊர்ச் சனத்தை உள்ளே உட்கார வைத்துப் பாருங்கள். இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த கதைதான்.

அந்த வருடம் மண்டல விளையாட்டு விழா எங்கள் மாவட்டத்தில் நடந்தது. சுற்றுப்பட்ட மாவட்டங்கள் எல்லாம் வந்து மோதின. ஓட்டம், கபடி, வாலிபால் எல்லாம் கடலூரில். பேட்மின்டனுக்கு மட்டும் கடலூரில் நல்ல அரங்கம் கிடைக்காமல் சிதம்பரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆண்கள் அணிப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்து நின்றவை இரண்டு அணிகள். ஒன்று வேலூர், இன்னொன்று எங்கள் கடலூர். கடலூர் அணிக்கு மேனேஜர் என் மனைவியின் தம்பி சேகர்.

சேகர் நல்லவன். அவன் வாய்தான் எனக்குப் பகை. இறுதிப் போட்டியன்று காலையில் டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். என் கறுப்புச் சட்டையைப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர், "சாமிக்கு டீயா, பாலா? எப்ப மலைக்கு?" என்று கேட்டார். நான் விளக்கம் சொல்வதற்குள் சேகர் ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, நம்ம ஜாஹீர் இருக்கான்ல, கடைசி சிங்கிள்ஸ் ஆடுறவன், பரங்கிப்பேட்டைக்காரன். அவனுக்கு இன்னிக்கு வாழ்வா சாவா."

"எங்கிட்ட ஏன்டா சொல்ற? நான் இன்னிக்கு நடுவர் கூட இல்ல, மாத்து ஆளு."

"அதான் சொல்றேன், சும்மா கேளு. ஒரு கம்பெனியில வெளையாட்டு கோட்டாவுல வேலை தரேங்குறாங்க. கோல்டு மெடல் அடிச்ச டீமுன்னா வேலை. வெள்ளின்னா போயிட்டு வான்னுடுவாங்க. வேலை கெடைக்கலன்னா அவுங்க மாமாவே விசா அனுப்பி வெச்சிருக்காரு, துபாய் போயிடணும். போன தடவை போயிட்டு வந்தப்ப அவன் பெத்த பொண்ணே அவனப் பாத்து 'மாமா'ன்னு கூப்புட்டுச்சாம். அழுதுட்டான் மாமா."

இதைத்தான் சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன்னால் ஆட்டக்காரரின் குடும்பக் கதையை யாராவது ஆரம்பித்தால், டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். நான் போகவில்லை. டீ நன்றாக இருந்தது.

ஐந்து ஆட்டம், அதில் மூன்று ஜெயிக்கிற அணிக்குத் தங்கம் என்பது கணக்கு. காலையிலிருந்து ஆடி ஆளுக்கு இரண்டு என்று நின்றது. மிச்சம் இருந்தது கடைசி சிங்கிள்ஸ் ஒன்றுதான். அதற்கு நாற்காலியில் உட்கார வேண்டியவர் தெற்கே இருந்து வந்த ஒரு மூத்த நடுவர். அருமையான மனிதர். ஆனால் சிதம்பரத்துக் கத்திரிக்காய் கொத்சு என்றால் அவருக்கு உயிர். முதல் நாள் ராத்திரி இட்லிக்கு, காலையில் பொங்கலுக்கு, இடையில் சும்மா என்று கொத்சாகவே தின்று தீர்த்திருக்கிறார். கடைசி ஆட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டபோது மனிதர் கழிவறையில் இருந்தார். உள்ளே இருந்தபடியே, "என்னால முடியாது, வேற ஆளப் பாருங்க" என்று குரல் கொடுத்தார்.

வேறு ஆள் என்றால் நான்தான். கடலூர்க்காரன், அதிலும் கடலூர் மேனேஜருக்கு அக்கா புருஷன். நான் முடியாது என்றுதான் சொன்னேன். வேலூர் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க மச்சான்தான் அந்தப் பக்கம் மேனேஜர்னு தெரியும் சார். உங்களையும் தெரியும். ஏறி உக்காருங்க" என்றார். இப்படி ஒருவர் சொன்னால் தப்பிக்கவே முடியாது. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஏறி உட்கார்ந்தேன்.

ஆட்டம் எப்படி நடந்தது என்று பந்து பந்தாகச் சொல்லப் போவதில்லை. ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டே வந்து, ஜாஹீர் இருபது, வேலூர்ப் பையன் பத்தொன்பது. ஜாஹீருக்கு இன்னும் ஒரு புள்ளி வந்தால் கடலூருக்குத் தங்கம், அவருக்கு உள்ளூரில் வேலை. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேலூர்ப் பையன் நின்ற பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் சேகர் எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, வேண்டிக்கொள்ளாத சாமி பாக்கியில்லை.

இந்த இடத்தில் விழாக் குழுச் செயலாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பரபரப்பான மனிதர். மத்தியானம் பரிசு கொடுக்க ஒரு பெரிய மனிதரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார். அவர் உட்கார மேடை போட்டிருந்த இடம் சேகர் நின்ற பக்கம், ஆடுகளத்தின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால். மேடைக்கும் பின்னால், பந்தல்காரரிடம் வாடகைக்கு வாங்கிய இரண்டு ராட்சத ஸ்டாண்டு ஃபேன். "ஐயாவோட காரு கேட்டுக்குள்ள நொழைஞ்சதும் ஃபேன் ஓடணும், பேண்டு வாசிக்கணும். ஐயாவுக்கு வேர்த்துச்சுன்னா தொலைச்சுடுவேன்" என்பது செயலாளர் போட்டிருந்த உத்தரவு. நம் ஊரில் எந்த விழாவிலும் உள்ள ஏற்பாடுதான் இது. சிறப்பு விருந்தினர் சொன்ன நேரத்துக்கு ரொம்பப் பின்னால்தான் வருவார், அதற்குள் ஆட்டமெல்லாம் முடிந்திருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த நம்பிக்கையில்தான் நம் விழாக்கள் நடக்கின்றன.

அன்றைக்குப் பார்த்து அந்த மனிதர் முன்கூட்டியே வந்து தொலைத்தார். திருவந்திபுரத்தில் வரிசையாகக் கல்யாணங்களாம். முகூர்த்தம் முடிந்ததும் சாப்பிடக்கூட நிற்காமல் நேரே சிதம்பரம். இத்தனை வருடத்தில் சீக்கிரம் வந்த சிறப்பு விருந்தினரை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஜாஹீர் பந்தை ஓங்கி, உயரமாக, மேடைப் பக்கம் அடித்தார். அடித்த அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கொஞ்சம் ஜாஸ்தி. வேலூர்ப் பையனுக்கும் தெரிந்தது. வெளியேதான் போகும் என்று மட்டையைக் கீழே இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து உச்சியில் இருக்கும்போதே என் தலையில் இடது பக்கம் சில்லென்று ஏதோ பட்டது. என் தலை உங்களுக்கே தெரியும். மறைவு என்று சொல்ல ஒரு முடி கிடையாது. வேர்வையில் ஊறிக்கிடந்த வழுக்கையில் காற்றுப் பட்டால் எப்படி இருக்கும்! ஒரு நொடி சுகமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுகம் தீர்வதற்குள் பந்து கோட்டுக்கு உள்ளே வந்து விழுந்தது. ஃபேன் காற்று எதிரே அடித்து, வெளியே போகிற பந்தைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டது.

கோட்டருகே உட்கார்ந்திருந்த நடுவர் உள்ளே என்று கை காட்டினார். அவர் மேல் தப்பில்லை, பந்து உள்ளேதான் விழுந்தது. நான் ஒலிபெருக்கியில், "லெட்" என்றேன். அதாவது அந்தப் பந்து செல்லாது, மறுபடி ஆட வேண்டும். எதிர்பாராமல் வெளியிலிருந்து எது வந்து ஆட்டத்தில் குறுக்கிட்டாலும் அதுதான் விதி.

யார் காதில் விழுந்தது? அதே நேரம் பேண்டு வாத்தியம் முழங்கியது. கடலூர்க்காரர்கள் அது தங்களுக்குத்தான் என்று நினைத்து உள்ளே ஓடிவந்து ஜாஹீரைத் தூக்கினார்கள். உள்ளே நுழைந்த சிறப்பு விருந்தினர், இந்த ஆரவாரம் தனக்குத்தான் என்று நினைத்து, கண் கலங்கக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். அவருக்கென்று வைத்திருந்த மாலையை சேகர் பிடுங்கி ஜாஹீருக்குப் போட்டான். செயலாளர் அதைக் கழற்றி ஐயாவுக்குப் போட்டார். நான் மேலே உட்கார்ந்து, "லெட், லெட்" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒருத்தன் திரும்பிப் பார்க்க வேண்டுமே.

தோளிலிருந்து இறங்கிய ஜாஹீர் நேரே என்னிடம் வந்தார். ஆட்டம் முடிந்ததும் நடுவருக்குக் கை கொடுப்பது நம் வழக்கம். சிரித்த முகமாகக் கையை மேலே நீட்டினார். நான் என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேனே, அதை இன்றைக்கு நினைத்தாலும் சோறு இறங்காது. நீட்டிய கையை அவர் மெதுவாகக் கீழே இறக்கினார். அதைப் பார்த்துத்தான் அரங்கம் அடங்கியது. பேண்டு மட்டும் இன்னும் கொஞ்சம் வாசித்துவிட்டு நின்றது.

"பந்து கீழ விழுறதுக்கு முன்னாடியே ஃபேன் ஓட ஆரம்பிச்சுடுச்சு. இருபது, பத்தொன்பது. மறுபடி ஆடுங்க" என்றேன்.

சேகர் பாய்ந்து வந்தான். "மாமா! ஃபேன் அப்புறம்தான் ஓடுச்சு! நான் பக்கத்துலதான நின்னேன்!"

"நீ எங்கடா ஃபேனப் பாத்த? நீ சாமி கும்புட்டுக்கிட்டு இருந்த."

"நீ பாத்தியா மாமா?"

"பாக்கல. தலையில காத்துப் பட்டுச்சு."

கூட்டத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். சேகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேட்டுக்குங்கய்யா, கேட்டுக்குங்க! எங்க மாமா வழுக்கையில காத்துப் பட்டுச்சாம்! அதுக்காக மாவட்டத்துக்கே வந்த தங்கத்தப் புடுங்குறாராம்!"

உடனே ஆளாளுக்குச் செல்போனை எடுத்தார்கள். வீடியோவைப் பார்த்து முடிவு செய்ய நம் போட்டியில் இடமில்லை என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லா வீடியோவிலும் நடுவில் சேகர்தான் இருந்தான். மேடையையும் ஃபேனையும் மறைத்துக்கொண்டு, கையைத் தலைமேல் வைத்தபடி நின்றிருந்தான். தலைமை நடுவர் வந்து என்னைக் கேட்டார். சொன்னேன். "என்ன நடந்துச்சுங்கிறதுல உங்க முடிவுதான் முடிவு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். விதி அப்படித்தான். அவர் நகர்ந்த வேகத்தைப் பார்த்தால் விதியைத் தவிர வேறு காரணமும் இருந்த மாதிரி தோன்றியது.

அப்போதுதான் செயலாளர் என் நாற்காலிக்கு அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். இந்த யோசனையைச் சொல்லத்தான் உங்களை இவ்வளவு நேரம் உட்கார வைத்திருக்கிறேன்.

"சார், எதுக்கு வம்பு? அடிச்சவரே இருக்காரு. நல்ல புள்ள. அவரையே கேட்டுடுங்க. காத்து வந்துச்சான்னு. வந்துச்சுன்னா மறுபடி ஆடட்டும். இல்லன்னா மாலையப் போட்டு முடிச்சுக்குவோம். ரெண்டு பக்கமும் வாயத் தொறக்க முடியாது."

கேட்டதும் எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. நியாயமாகவும் தெரிந்தது. வேலூர் மேனேஜர்கூட, "கேளுங்க சார், அவரு என்ன சொல்றாரோ நாங்க ஒத்துக்குறோம்" என்றார். மொத்தச் சனமும் ஜாஹீரைப் பார்த்தது. அவர் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறக்கிறார், மூடுகிறார். குடிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

என் தலையிலிருந்த பாரத்தை அவர் தலைக்கு மாற்ற எனக்கு ஒரு கேள்வி போதும். காற்று வந்தது என்று அவர் சொன்னால், கைக்கு வந்ததை வாயால் கெடுத்தவன் என்று ஊர் அவரை ஆயுசுக்கும் விடாது. வரவில்லை என்று சொன்னால், ஊர் விட்டுவிடும். அவர் மனசு? சரி, இவ்வளவையும் அந்த நேரத்தில் வரிசையாக யோசித்தேனா என்றால் அதெல்லாம் இல்லை. அந்தப் பாட்டில் மூடியைத்தான் பார்த்தேன்.

"அவரக் கேக்க மாட்டேன்" என்றேன்.

"ஏன் சார்?"

"ஆடுறது அவரு வேல. சொல்றது என் வேல. ஃபேன நிறுத்துங்க."

சிறப்பு விருந்தினர் அதுவரை ஒன்றும் புரியாமல் கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்தார். "என்னாய்யா பிரச்சினை?" என்று கேட்டார். செயலாளர் நெளிந்துகொண்டே, "ஐயாவுக்காகப் போட்ட ஃபேனு..." என்று இழுத்தார். "அட, அமத்துய்யா! எனக்கு மட்டும் என்ன, வேர்த்தா கரைஞ்சா போயிடுவேன்?" என்றார். பெரிய மனிதர்தான். ஆனால் கரைந்துதான் போனார். முதலில் மாலையைக் கழற்றினார், பிறகு சால்வையை, பிறகு சட்டையின் மேல் பொத்தான்களை. கடைசியில் அழைப்பிதழை எடுத்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். அந்தக் காற்றுக்கும் ஆட்டத்தை நிறுத்தலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். சேகரின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மறுபடி ஆடினார்கள். அந்தப் புள்ளி வேலூருக்குப் போனது. இருபதுக்கு இருபது. அதற்குப் பிறகு ஒரு புள்ளி இவருக்கு, ஒரு புள்ளி அவனுக்கு என்று நெஞ்சை இழுத்துப் பிடித்தது. ஜாஹீர் விழுந்து, புரண்டு, எழுந்து ஆடினார். நடுவர் யார் பக்கமும் சாயக் கூடாது. ஆனால் மனசு ஒன்று இருக்கிறதே, அது அன்றைக்குப் பரங்கிப்பேட்டைப் பக்கம் பஸ் ஏறிவிட்டது. வாய் மட்டும் புள்ளிகளைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் ஜாஹீர் அடித்த ஒரு பந்து வலையில் பட்டு, அவர் பக்கமே விழுந்தது. வேலூருக்குத் தங்கம். வெள்ளி எங்களுக்கு.

அதற்கப்புறம் என் குடும்பத்தில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் பொழுது போகும். மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். வேர்த்துக் கொட்டியது. ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டிய மகனை என் மனைவி தடுத்தாள். "போடாதடா. உங்கப்பா சாப்பாடு செல்லாதுன்னு சொல்லிட்டு மொதல்லேருந்து சாப்புடுவாரு. நான் வடிச்ச சோறு பத்தாது." ரசம் மட்டும்தான் வைத்திருந்தாள். சேகர் ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்காவிடம் போனில் பேசும்போது மட்டும், நான் கேட்கட்டும் என்று, "வழுக்க நல்லா இருக்குதா?" என்று விசாரிப்பான். கடலூர் மஞ்சக்குப்பத்துக் கடைத்தெருவில் நான் நடந்தால், எவனாவது ஒருவன் கையிலிருக்கிற செய்தித்தாளால் என் தலைக்கு விசிறிவிட்டுப் போவான். கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. கோடையில் அது நன்றாகவும் இருந்தது.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளக் கூடியதுதான். தாங்க முடியாதது ஜாஹீரின் நினைப்பு. வேலை போயிற்று. விசா இருந்தது. அந்தப் பெண் குழந்தை மறுபடி அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடப் போகிறதோ என்று நினைத்துக்கொள்வேன். நான் செய்தது சரி என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சரியாகச் செய்துவிட்டால் நிம்மதி வந்துவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அவர் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாஹீரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் மனைவிதான் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு! அவசரமாக உள்ளே கூட்டிவந்து உட்காரச் சொல்லி, அவளே ஃபேனைப் போட்டாள்.

"துபாய்க்கு சபர் கெளம்புறேன் சார். வெள்ளிக்கெழமை ஃப்ளைட். தெரிஞ்சவுங்க ஊட்டுக்கெல்லாம் போயிப் பயணம் சொல்லிட்டு வரேன்" என்றார். வெளிநாடு கிளம்புகிறவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்வது அவர்கள் ஊர் வழக்கம். என்னையும் அந்தத் தெரிந்தவர்களில் சேர்த்திருந்தார்.

"எம்மேல கோவம் இருக்கும்பா" என்றேன்.

"மொதல்ல இருந்துச்சு சார். பொய் சொல்ல மாட்டேன்." என் மனைவி கொடுத்த காபியைக் கையில் வாங்கிக்கொண்டார். "எல்லாரும் என்னயக் கேக்கச் சொன்னாங்களே, அப்ப நீங்க கேட்டுடக் கூடாதுன்னு மனசுக்குள்ள துவா கேட்டுக்கிட்டே நின்னேன். அடிக்கறப்பவே எனக்குத் தெரியும் சார், அது அவுட்டுன்னு. காத்து வந்ததும் தெரியும்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கேட்டிருந்தீங்கன்னா, காத்தெல்லாம் வரலன்னுதான் சொல்லியிருப்பேன். எம் பொண்ண நெனச்சுக்கிட்டு, அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி, கூசாம சொல்லியிருப்பேன். அதச் சொல்லிட்டுப் போகத்தான் சார் வந்தேன்."

"தெரியும் தம்பி" என்றேன். "ஒன் எடத்துல நான் நின்னிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."